லட்லோ: கோட்டை வாசலில் சந்தை கூடும் ஊர் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கிலாந்துக்கு வரும் சொந்தக்காரர்கள் லண்டன், ஆக்ஸ்ஃபோர்டு, ஸ்டோன்ஹெஞ்ச் என்று சுற்றி முடித்ததும் "வேற என்ன பாக்கலாம்?" என்று கேட்பார்கள். நான் லட்லோ என்பேன். "அது எங்க இருக்கு?" என்பதில் தொடங்கி அவர்கள் கேட்பதெல்லாம் பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துவிட்டதால் இங்கே எழுதி வைக்கிறேன்.

அது எங்க இருக்கு?

இங்கிலாந்தின் மேற்கு ஓரத்தில், ஷ்ராப்ஷயர் மாவட்டத்தின் தென்கோடியில். வடக்கே ஷ்ரூஸ்பரி, தெற்கே ஹெர்ஃபோர்ட், மேற்கே சில மைல் போனால் வேல்ஸ். இந்த எல்லைப் பகுதிக்கு மார்ச்சஸ் என்று பெயர். டீம் ஆறு வளைத்துக்கொண்டு ஓடும் ஒரு குன்றின் மேல் ஊர் உட்கார்ந்திருக்கிறது. மக்கள்தொகை சுமார் 10,000. சட்டப் பாதுகாப்பு பெற்ற பழைய கட்டடங்கள் மட்டும் கிட்டத்தட்ட 500. அதாவது இருபது பேருக்கு ஒன்று.

பெயருக்கு என்ன அர்த்தம்?

பழைய ஆங்கிலத்தில் இரைச்சலிடும் தண்ணீருக்கு அருகில் இருக்கும் மேடு என்று பொருள் சொல்கிறார்கள். டீம் ஆற்றுத் தடுப்பணைப் பக்கம் போய் நின்றால் இரைச்சல் இன்றைக்கும் கேட்கும். மேடுதான் இல்லை. 1199இல் தேவாலயத்தைப் பெரிதாக்கியபோது அதை வெட்டிச் சமன் செய்துவிட்டார்கள்.

'சந்தை ஊர்' என்றால் என்ன? சந்தை கூடும் ஊர் எல்லாமே சந்தை ஊரா?

இல்லை. நம் ஊரில் வாரச்சந்தை என்பது நாளடைவில் தானாகக் கூடி வழக்கமாகிவிடுவது. இடைக்கால இங்கிலாந்தில் சந்தை என்பது ஓர் உரிமை. ராஜா எழுதிக் கொடுத்த சாசனமோ, காலங்காலமாக அனுபவித்து வந்த பாத்தியதையோ இருக்க வேண்டும். அந்த உரிமையை வைத்திருப்பவர்தான் கடைபோட வாடகை வாங்கலாம், வந்த சரக்குக்குச் சுங்கம் வசூலிக்கலாம், எடை குறைத்தவனைப் பிடித்துத் தண்டிக்கலாம். ஆகவே பக்கத்து ஊர்க்காரன் புதிதாகச் சந்தை தொடங்கினால் இவனுக்கு வயிற்றில் அடி. வழக்கு நீதிமன்றம் வரை போகும்.

எவ்வளவு தூரம் தள்ளி இருந்தால் போட்டியில்லை என்பதற்கு 13ஆம் நூற்றாண்டுச் சட்ட நூல் ஒன்று கணக்கே போட்டு வைத்திருக்கிறது: ஆறே முக்கால் மைலுக்குக் கொஞ்சம் குறைவு. ஒரு மனிதன் ஒரு நாளில் இருபது மைல் நடப்பான். அதை மூன்றாகப் பிரித்து, ஒரு பங்கு காலையில் சந்தைக்குப் போக, ஒரு பங்கு வாங்கி விற்க, ஒரு பங்கு இருட்டுவதற்குள் வீடு திரும்ப. இங்கிலாந்து வரைபடத்தில் சந்தை ஊர்கள் ஏறக்குறைய நடைதூரத்துக்கு ஒன்றாகத் தூவிக் கிடப்பதன் பின்னால் அந்த நடைக் கணக்குதான் இருக்கிறது. சில ஊர்ப் பெயர்களில் வரும் 'சிப்பிங்' என்ற சொல்லுக்கும் சந்தை என்றே பொருள். சிப்பிங் நார்ட்டன், சிப்பிங் கேம்ப்டன் எல்லாம் அந்த வகை.

லட்லோவில் சந்தை இன்னும் நடக்கிறதா?

நடக்கிறது. கோட்டை வாசலுக்கு நேர் எதிரே உள்ள திறந்தவெளியில், திங்கள், புதன், வெள்ளி, சனி. சில வியாழக்கிழமைகளில் சுற்றுவட்டார விளைபொருள்களுக்கென்று தனிச்சந்தை. சில ஞாயிறுகளில் பழைய சாமான் சந்தை. காய்கறி, ரொட்டி, சீஸ், பூச்செடி, கம்பளித் தொப்பி, பழைய பித்தளைச் சாமான் என்று கலந்து இருக்கும். காலையிலேயே போய்விடுங்கள். மதியத்துக்கு மேல் மழை தூறினால் ஒவ்வொருவராகக் கூடாரத்தைப் பிரிக்கத் தொடங்கிவிடுவார்கள்.

கிழமை பார்க்காமல் ஒரு பிப்ரவரி செவ்வாயில் நான் போய் நின்றேன். வெறிச்சோடிய சதுக்கத்தில் புறா நான்கும் நானும்.

சதுக்கத்தைத் தாண்டினால் தெருக்கள் ஏன் அவ்வளவு குறுகல்?

நல்ல கேள்வி. எனக்கு இந்த ஊரில் பிடித்த கதையே இதுதான். லட்லோ தானாக வளர்ந்த ஊரல்ல. கோட்டை கட்டிய பிறகு, 12ஆம் நூற்றாண்டில் திட்டம் போட்டு அமைத்தது. கோட்டை வாசலில் தொடங்கி கிழக்கே புல் ரிங் என்ற இடம் வரை மிக அகலமான ஒரே சந்தைத் தெரு. அதிலிருந்து தெற்கே ஆற்றை நோக்கி நேர்நேராக இறங்கும் மில் தெரு, பிராட் தெரு. தெருவின் இருபுறமும் முகப்பு குறுகலாகவும் பின்பக்கம் நீளமாகவும் அளந்துவிட்ட மனைகள்.

சந்தைத் தெரு அகலமாக இருந்தது அல்லவா, அங்கேதான் வேலை நடந்தது. முதலில் நான்கு கம்பு நட்டுக் கடை. சாயங்காலம் பிரித்துவிடுவார்கள். பிறகு ஒருவர் பிரிக்கவில்லை. பிறகு மேலே கூரை, கூரைக்கு மேலே ஓர் அறை, அறையில் குடும்பம். இப்படியே தெருவின் நடுவே கட்டட வரிசைகள் முளைத்து, அகலமான ஒரு தெரு நான்கைந்து சந்துகளாகிவிட்டது. இன்று சுற்றுலாப் பயணிகள் ஆசையாகப் படம் எடுக்கும் ஹார்ப் லேன், மார்க்கெட் தெரு, சர்ச் தெரு எல்லாம் அந்தப் பழைய ஆக்கிரமிப்பின் மிச்சம். எழுநூறு வருஷம் தாண்டினால் ஆக்கிரமிப்புக்கும் பாரம்பரியச் சின்னம் என்று பெயர் வந்துவிடும் போல.

மறுபக்கக் கதையும் உண்டு. 1887இல் சதுக்கத்தின் நடுவே செங்கல்லில் ஒரு பெரிய சந்தைக் கட்டடம் எழுப்பினார்கள். 1986இல் அதை இடித்துத் தள்ளினார்கள். இப்போது நீங்கள் பார்க்கும் திறந்தவெளி அப்படித் திரும்பக் கிடைத்தது.

இவ்வளவு பணம் எங்கிருந்து வந்தது?

ஆட்டு ரோமத்திலிருந்து. மார்ச்சஸ் குன்றுகளில் மேயும் ஆடுகளின் கம்பளி இங்கிலாந்தின் மிக உயர்ந்த ரகங்களில் ஒன்று; ஃபிளாண்டர்ஸ், இத்தாலி நெசவாளர்கள் போட்டி போட்டு வாங்கினார்கள். அந்த வியாபாரத்தின் பெரும்புள்ளி 'லட்லோ லாரன்ஸ்'. ராஜாவுக்கே கடன் கொடுக்கும் அளவுக்குப் பெரியவர். ஊரிலிருந்து சில மைல் வடக்கே ஸ்டோக்சேயில் தனக்கென்று ஒரு மாளிகை கட்டிக்கொண்டு, 1291இல் அதற்கு மதில் கட்ட அரச அனுமதியும் வாங்கினார்.

மூன்றே வருஷம். 1294இல் கம்பளி ஏற்றிக்கொண்டு போன கப்பல் சஃபக் கரைக்கு அப்பால் கவிழ்ந்து லாரன்ஸ் மூழ்கிப் போனார். அந்த வருஷம் கம்பளி ஏற்றுமதிக்குக் கடும் வரி விழுந்திருந்தது; அதற்கு அவர்தான் உடந்தை என்று உற்பத்தியாளர்களுக்கு ஆத்திரம். கம்பளிக்காரர்களுக்குச் செய்த பாவம், கம்பளிக் கப்பலிலேயே செத்தான் என்ற தோரணையில் ஒரு மடத்துத் துறவி குறிப்பு எழுதி வைத்திருக்கிறார். சாபம் பலித்த திருப்தி அந்த வரியில் இன்னும் ஆறவில்லை.

பின்னாளில் துணி நெசவு வந்தது. அது சரிந்த பிறகு 1800ஐ ஒட்டிக் கையுறைத் தயாரிப்பு ஊரையே பிடித்திருந்தது. பிரெஞ்சுக் கையுறைகள் இறக்குமதியாகத் தொடங்கியதும் அதுவும் போயிற்று.

கோட்டையில் ராஜா ராணி யாராவது இருந்தார்களா?

இருந்தார்கள். ஆனால் இந்தக் கோட்டைக்கு வாய்த்ததெல்லாம் பட்டத்துக்கு வரப்போகிறவர்கள்; ஆண்டு முடித்தவர்கள் குறைவு.

11ஆம் நூற்றாண்டின் கடைசியில், நார்மன் படையெடுப்புக்குப் பின் வந்த டி லேசி குடும்பம் கட்டத் தொடங்கியது இது. அப்போது பெரும்பாலான கோட்டைகள் மண்மேடும் மரவேலியும்தான். லட்லோ தொடக்கத்திலேயே கல். 1473இல் நான்காம் எட்வர்ட் தன் மூத்த மகனை, மூன்று வயதுகூட நிரம்பாத குழந்தையை, வேல்ஸ் இளவரசர் என்ற பட்டத்தோடு இங்கே வளர அனுப்பினார். பத்து வருஷம் கழித்து, 1483 ஏப்ரலில், அப்பா இறந்த செய்தி பையனுக்கு இங்கேதான் வந்து சேர்ந்தது. பன்னிரண்டு வயதில் ஐந்தாம் எட்வர்ட் என்று ராஜாவாகி லண்டனுக்குப் புறப்பட்டான். முடிசூட்டு விழா நடக்கவே இல்லை. லண்டன் டவரில் தம்பியோடு அடைக்கப்பட்டு, பிறகு இருவரையும் யாரும் பார்க்கவில்லை.

அடுத்தவர் ஆர்தர், ஏழாம் ஹென்றியின் மூத்த மகன். 1501 நவம்பரில் ஸ்பெயின் இளவரசி கேத்தரினோடு கல்யாணம். மாப்பிள்ளைக்கு 15, பெண்ணுக்குப் பதினாறு நடக்கிறது. புதுமணத் தம்பதியை லட்லோவுக்கு அனுப்பினார்கள். 1502 ஏப்ரல் 2இல் ஆர்தர் நோயில் இறந்தார். விதவையை அவர் தம்பி மணந்துகொண்டார். அந்தத் தம்பிதான் எட்டாம் ஹென்றி.

ஏறக்குறைய பதினெட்டு வருஷம் வாழ்ந்த பிறகு ஹென்றிக்கு கேத்தரின் வேண்டாமென்று ஆனது. அண்ணன் மனைவியை மணந்தது செல்லாது என்றார். அண்ணனோடு நான் வாழவே இல்லை என்றார் கேத்தரின். ஆகவே 1529இல் நடந்த விசாரணையில், பதினைந்து வயதுப் பையனும் அவன் மனைவியும் என்ன வாழ்க்கை வாழ்ந்தார்கள் என்பதற்குச் சாட்சிகளைக் கூட்டி வைத்துக் கேட்டார்கள். போப் விலக்குத் தரவில்லை. இங்கிலாந்தின் திருச்சபையே ரோமிலிருந்து பிரிந்தது. கோட்டையின் வடக்குப் பக்கம் கூரையில்லாத அறைகள் இருக்கும். சுவரில் அடுப்பங்கூடு மட்டும் அந்தரத்தில் தொங்கும். அங்கே நின்று இதை நினைத்துப் பாருங்கள்.

அப்படியென்றால் இவ்வளவு பெரிய இடம் எப்படிச் சின்ன ஊரானது?

1689இல் ஒரே உத்தரவில். அதுவரை வேல்ஸையும் எல்லை மாவட்டங்களையும் நிர்வகித்த ஆட்சிக் குழு லட்லோ கோட்டையிலிருந்துதான் இயங்கியது. வழக்குக்கு வருகிறவர்கள், வக்கீல்கள், குமாஸ்தாக்கள், அவர்களுக்குச் சோறு போடும் விடுதிகள் என்று ஊர் பிழைத்துக்கொண்டிருந்தது. புல் ரிங்கில் இருக்கும் ஃபெதர்ஸ் ஹோட்டல், 1619இல் ஒரு வக்கீல் கட்டிய வீடு. முகப்பு முழுக்கக் கருப்பு மரச்சட்டமும் வெள்ளைப் பூச்சும் செதுக்கலும். வக்கீல் தொழிலில் எவ்வளவு வந்தது என்று அதைப் பார்த்தாலே தெரியும். ஆட்சிக் குழுவைக் கலைத்ததும் கோட்டை பூட்டப்பட்டது. கூரையின் ஈயத் தகடுகள் போயின. மழை உள்ளே இறங்கியது. இடித்துக் கல்லை விற்றுவிடலாமா என்றுகூட 18ஆம் நூற்றாண்டில் யோசித்தார்கள். கல்லின் விலையைவிட இடிக்கும் கூலி அதிகம் என்று தெரிந்ததும் விட்டுவிட்டார்கள்.

ஊர் பிழைத்ததும் ஏறக்குறைய இதே கணக்கில்தான் என்று எனக்குத் தோன்றும். பெரிய ஆலை வரவில்லை. பழையதை இடித்துப் புதிதாகக் கட்டும் வசதி பலருக்கு இல்லை. வசதி இருந்தவர்கள்கூட முழு வீட்டையும் மாற்றாமல், மரச்சட்ட வீட்டின் முன்னால் நாகரிகமாக ஒரு செங்கல் சுவரை மட்டும் எழுப்பி நிறுத்தினார்கள். பிராட் தெருவில் இறங்கும்போது நேராகப் பார்த்தால் எல்லாம் 18ஆம் நூற்றாண்டுச் செங்கல் முகப்பு, வெள்ளைச் சன்னல். இரு வீட்டுக்கு இடையே சந்து வரும் இடத்தில் நின்று பக்கவாட்டில் எட்டிப் பாருங்கள். பின்னால் கோணல்மாணலாக இரு நூற்றாண்டு மூத்த மரச்சட்டம் நிற்கும். தெரு முடிவில் பிராட் கேட். ஊர் மதிலின் ஏழு வாசல்களில் மிஞ்சியது அது ஒன்றுதான். மேலே வீடு, கீழே வளைவு, வளைவுக்குள் இன்றும் கார் போகிறது.

கிளைவ் குடும்பத்துக்கும் லட்லோவுக்கும் ஏதோ தொடர்பு என்கிறார்களே?

ஏதோ தொடர்பு இல்லை, கோட்டையே அவர்களுடையது.

1751இல் ஆற்காட்டு முற்றுகையால் பெயர் வாங்கிய ராபர்ட் கிளைவ் ஷ்ராப்ஷயர்க்காரர். இந்தியாவில் சேர்த்த செல்வத்தில் சொந்த மாவட்டத்தில் நிலம் நிலமாக வாங்கினார். லட்லோவை அடுத்த ஓக்லி பார்க் பண்ணையும் அதில் ஒன்று. அவர் மகன் எட்வர்ட் கிளைவ் பல ஆண்டுகள் லட்லோ தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினர். 1798இல் அவரைச் சென்னை மாகாண கவர்னராக அனுப்பினார்கள். 1803 வரை இருந்தார். எந்த ஐந்து வருஷம் என்று கவனியுங்கள். 1799 மே மாதம் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தான் விழுந்தார். அதே அக்டோபரில் கயத்தாறில் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டார். 1801இல் ஆற்காட்டு நவாபின் ஆட்சி கம்பெனி கைக்குப் போனது. திருப்பத்தூரில் மருது சகோதரர்கள் தூக்கு. நடந்ததெல்லாம் இவர் கவர்னராக உட்கார்ந்திருந்தபோது. முடிவெடுத்தது பெரும்பாலும் கல்கத்தாவில் இருந்த கவர்னர் ஜெனரல் வெல்லெஸ்லி என்பார்கள், கையெழுத்து இவருடையது.

சென்னையில் அவர் விட்டுச்சென்ற கட்டடம் ஒன்று உங்களுக்குத் தெரிந்ததுதான். ராஜாஜி ஹால். கவர்னரின் விருந்து மண்டபமாக, கோல்டிங்ஹாம் என்ற வானியலாளர் வடிவமைக்க, 1802இல் முடிந்தது. அண்ணா, எம்ஜிஆர், ஜெயலலிதா, கலைஞர் என்று தலைவர்களின் உடலைக் கடைசியாகப் பார்க்கத் தமிழ்நாடே திரண்ட அந்தப் படிக்கட்டுகள்.

ஊர் திரும்பியவருக்கு 1804இல் போவிஸ் பிரபு பட்டம். 1811இல் லட்லோ கோட்டையை அரசிடமிருந்து 1,560 பவுண்டுக்கு வாங்கினார். இன்றைக்கும் அது போவிஸ் பிரபு குடும்பத்தின் சொத்து. நீங்கள் எடுக்கும் டிக்கெட் காசு கோட்டைப் பராமரிப்புக்குப் போகிறது. திப்புவின் கூடாரத்தையும், அவர் சிம்மாசனத்தில் இருந்த புலித்தலைகளில் ஒன்றையும் பார்க்க வேண்டுமானால் வேல்ஸில் உள்ள போவிஸ் கோட்டைக்குப் போக வேண்டும். லட்லோவிலிருந்து காரில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல்.

இதெல்லாம் தெரிந்துகொண்டு போனால் ஊர் ரசிக்குமா என்று என் சித்தப்பா கேட்டார். எனக்கு ரசித்தது. தெரியாமல் போயிருந்தால் அழகான சிதிலம் என்று இரண்டு படம் எடுத்துவிட்டு வந்திருப்பேன்.

கோட்டைக்குள் எதைத் தவறவிடக் கூடாது?

உள்கோட்டைத் திடலில் தனியாக நிற்கும் வட்டமான சிற்றாலயத்தை. 12ஆம் நூற்றாண்டு. ஜெருசலேமில் கிறிஸ்துவின் கல்லறை மேல் எழுப்பிய ஆலயத்தை மனத்தில் வைத்துக் கட்டிய இப்படிப்பட்ட வட்டக் கோயில்கள் இங்கிலாந்தில் விரல்விட்டு எண்ணத்தக்கவை. வாசல் வளைவில் கோணல் கோடாக ஓடும் செதுக்கல் இன்னும் கூர் மழுங்கவில்லை. கூரை இல்லாததால் உள்ளே நின்று தலையைத் தூக்கினால் வட்டமாக ஒரு துண்டு வானம்.

தேவாலயத்துக்கும் போக வேண்டுமா? நாங்கள் கோயில்களே நிறையப் பார்த்துவிட்டோம்.

போங்கள். ஒரு மணி நேரமாவது ஒதுக்குங்கள். செயின்ட் லாரன்ஸ் தேவாலயம் ஒரு சின்ன ஊருக்குக் கொஞ்சமும் பொருந்தாத அளவில் இருக்கும். அந்தப் பணம் ஒரு சங்கத்திலிருந்து வந்தது. எருசலேம் போய்க் குருத்தோலையோடு திரும்பிய யாத்திரிகர்களின் பெயரால் 13ஆம் நூற்றாண்டில் ஏற்பட்ட 'பாமர்' சங்கம். (நம் 'பாமரர்' அல்ல.) செத்த பிறகு என் ஆன்மாவுக்காக ஜெபியுங்கள் என்று ஊர் ஊராக ஆட்கள் சந்தா கட்டினார்கள், சங்கம் வீடு வாசல் வாங்கிப் போட்டது, கோயிலைப் பெரிதாக்கியது.

உள்ளே பாடகர் குழு அமரும் மர இருக்கைகளிடம் போய் உட்காரும் பலகையின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். நீண்ட ஜெபங்களில் நின்றுகொண்டே இருக்க வேண்டும். வயதானவர்களுக்குக் கால் நோகும். பலகையை மேலே மடக்கினால் அடியில் சிறு விளிம்பு நீட்டிக்கொண்டிருக்கும். நிற்பதுபோலவே இருந்து அதில் பின்பக்கத்தைச் சாய்த்துக்கொள்ளலாம். லத்தீனில் இதற்கு 'கருணை' என்று பொருள்படும் பெயர். அந்த விளிம்புக்குக் கீழே தச்சர்கள் தங்கள் இஷ்டத்துக்குச் செதுக்கியிருக்கிறார்கள். மொத்தம் 28.

அதில் ஒன்றைத் தேடிக் கண்டுபிடியுங்கள். அளவு குறைத்து மது விற்ற பெண்ணை ஒரு பேய் தலைகீழாகத் தோளில் போட்டுக்கொண்டு போகிறது. தலையில் ஒய்யாரக் கொண்டை அலங்காரம் அப்படியே இருக்கிறது. உடம்பில் துணி இல்லை. கையில் அந்தக் கள்ள அளவுக் குவளையை மட்டும் விடவில்லை. ஒரு பக்கம் இன்னொரு பேய் சுருளை விரித்து அவள் கணக்கை வாசிக்கிறது; இன்னொன்று பைக்குழல் ஊதி வரவேற்கிறது; மறுபக்கம் நரகம் வாயைப் பிளந்துகொண்டு காத்திருக்கிறது. ராஜா, மகான், தேவதை என்று எவ்வளவோ செதுக்கலாம். சந்தை ஊர்க்காரன் தன் கோயிலில் நரகத்துக்கு அனுப்பியது ஆழாக்கில் ஏமாற்றியவளை.

தெம்பு இருந்தால் கோபுரம் ஏறலாம். 41 மீட்டர் உயரம், சுமார் 200 படி, சுருள் படிக்கட்டு, ஒருவர் ஏறினால் ஒருவர் இறங்க முடியாத அகலம். மேலிருந்து ஊரின் திட்டம் முழுதும் தெரியும்.

சாப்பாடு? சைவம் கிடைக்குமா?

லட்லோவின் இன்றைய பெயரே சாப்பாட்டில்தான் இருக்கிறது. 1995இல் கோட்டைக்குள் உணவுத் திருவிழா தொடங்கினார்கள். பிரிட்டனில் இந்த வகைக்கு இதுவே முன்னோடி. செப்டம்பரில் நடக்கும். ஊர்க் கறிக்கடைக்காரர்களின் சாசேஜ்களைக் கடை கடையாக நடந்து ருசி பார்த்து ஓட்டுப் போடும் போட்டி அதில் ரொம்பப் பிரபலம். 2000ஐ ஒட்டி இந்தச் சின்ன ஊரில் மிஷலின் நட்சத்திரம் பெற்ற உணவகங்கள் ஒரே சமயத்தில் மூன்று இருந்தன. இப்போது அந்த அளவுக்கு இல்லை. எனக்கு அதில் வருத்தமும் இல்லை. சந்தையில் வாங்கிய ரொட்டி, சீஸ், ஆப்பிளோடு டீம் ஆற்றங்கரையில் உட்கார்ந்தால் போதும்.

சைவம் தாராளமாகக் கிடைக்கும். கவனிக்க இரண்டு விஷயம். சீஸ் சிலவற்றில் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரென்னெட் சேரும். சைவர்களுக்கு ஏற்றதா என்று லேபிளில் பாருங்கள் அல்லது கடைக்காரரைக் கேளுங்கள், சலிக்காமல் சொல்வார்கள். இரண்டாவது, ப்ளவ்மேன்ஸ் லஞ்ச் என்று ரொட்டியும் சீஸும் வரும், கூடவே 'பிக்கிள்' வைப்பார்கள். ஊறுகாய் என்று நம்பி அம்மா ஒரு வாய் வைத்தார். இனிப்பு. அந்த முகத்தை நான் மறக்கவில்லை.

அசைவக்காரர்கள் ஃபிட்ஜட் பை கேளுங்கள். பன்றித் தொடை இறைச்சி, ஆப்பிள், வெங்காயம் வைத்து மூடிச் சுடும் ஷ்ராப்ஷயர் பதார்த்தம். ஷ்ராப்ஷயர் ப்ளூ என்ற ஆரஞ்சு நிறச் சீஸை ஊர்ச் சரக்கு என்று நினைத்து வாங்காதீர்கள். நன்றாக இருக்கும், ஆனால் பிறந்தது ஸ்காட்லாந்தில்.

'லட்லோ' என்று பாறைக்குப் பெயர் இருக்கிறதாமே?

ஆமாம், பாறைக்கு மட்டுமல்ல, காலத்துக்கே. பூமியின் வரலாற்றில் சுமார் 42.7 கோடி முதல் 42.3 கோடி ஆண்டுகளுக்கு முன்பு இருந்த காலப்பகுதியை உலகம் முழுக்க நிலவியலாளர்கள் 'லட்லோ' என்றே குறிக்கிறார்கள். 1830களில் மர்ச்சிசன் என்ற நிலவியலாளர் இந்தப் பகுதிப் பாறைகளை அடுக்கடுக்காக ஆராய்ந்ததால் வந்த பெயர். அப்போது இந்த இடம் பூமத்திய ரேகைக்குத் தெற்கே ஆழமில்லாத கடல். லட்ஃபோர்ட் பாலத்தைத் தாண்டியதும் சாலை மூலையில் பாறை அடுக்கு வெளியே தெரியும். அதில் மெல்லிய ஒரு படலம் முழுக்கப் பழங்கால மீன்களின் செதிலும் முள்ளும். சுரண்டாதீர்கள், பாதுகாக்கப்பட்ட இடம்.

கோட்டையில் பேய் உண்டா?

மேரியன் என்று ஒரு பெண். காதலனுக்காக இரவில் கயிறு தொங்கவிட்டாள். அவன் பின்னாலேயே எதிரிப் படை ஏறி வந்தது. அவன் வாளாலேயே அவனை வெட்டிவிட்டுக் கோபுரத்திலிருந்து குதித்தாள் என்பது இடைக்காலக் கதை. பெருமூச்சு கேட்கும் என்பார்கள். எனக்குக் கேட்டது காகம்.

எப்படிப் போவது? எத்தனை நாள் வேண்டும்?

ஷ்ரூஸ்பரிக்கும் ஹெர்ஃபோர்டுக்கும் இடையே ஓடும் ரயில் பாதையில் லட்லோ நிலையம் இருக்கிறது. இரு பக்கமிருந்தும் அரை மணி நேரம். மான்செஸ்டரிலிருந்தும் கார்டிஃபிலிருந்தும் நேரடி ரயில் உண்டு. லண்டனிலிருந்து க்ரூ அல்லது நியூபோர்ட்டில் மாற வேண்டும். மூன்று, மூன்றரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். நிலையத்திலிருந்து சதுக்கம் பத்து நிமிட நடை, மேடு.

லண்டனிலிருந்து ஒரே நாளில் போய்த் திரும்பலாம், ஆனால் பாவம் உடம்பு. ஓர் இரவு தங்குங்கள். சாயங்காலம் ஐந்துக்குக் கடைகள் சாத்தி, வந்தவர்கள் போன பிறகு, டினம் பாலத்தைக் கடந்து எதிர்க்கரையில் இருக்கும் விட்க்ளிஃப் மேட்டில் ஏறி ஊரைத் திரும்பிப் பாருங்கள். கோட்டை, அதன் பின்னால் தேவாலயக் கோபுரம், அதன் பின்னால் க்ளீ குன்றுகள். ரயிலைப் பிடிக்க ஓடுகிறவர்களுக்கு இது கிடைக்காது.

இரண்டாம் நாள் இருந்தால் ஸ்டோக்சே. மூழ்கிப்போன லாரன்ஸின் மாளிகை ஏறக்குறைய அவர் விட்டுப்போனபடியே நிற்கிறது. லட்லோவிலிருந்து ரயிலில் அடுத்த நிறுத்தமான க்ரேவன் ஆர்ம்ஸில் இறங்கி நடக்கலாம்.

வயதான பெற்றோரை அழைத்துப் போகலாமா?

போகலாம். சதுக்கம், சந்தை, தேவாலயம் மூன்றும் மேட்டின் உச்சியில் அருகருகே இருப்பதால் சிரமமில்லை. மில் தெருவிலும் பிராட் தெருவிலும் இறங்குவது சுகம். திரும்பி ஏறும்போது மூச்சு வாங்கும். கோட்டைத் திடல் புல்தரை, கோபுரங்களுக்குள் தேய்ந்த கற்படி. முட்டிவலிக்காரர்கள் திடலோடு நிறுத்திக்கொள்ளலாம். குளிர்காலத்தில் கோட்டை திறந்திருக்கும் நாட்கள் குறையும், முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள்.

குழந்தைகளுக்கு?

கோட்டையில் ஓடவிட்டால் இரண்டு மணி நேரம் கேள்வி கேட்காது. பிறகு ஐஸ்கிரீம்.

பணமா, கார்டா?

சந்தையிலும் பெரும்பாலும் கார்டு செல்லும். பழைய சாமான் கடைகளில் சில்லறை நோட்டு கையில் இருந்தால் பேரம் கொஞ்சம் படியும். ரொம்ப அடித்துப் பேசாதீர்கள். பத்தைச் சொல்லி எட்டுக்குக் கேட்டால் சிரித்துக்கொண்டே ஒன்பதுக்குத் தருவார்கள், நான்குக்குக் கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். போன தடவை நான் வாங்கிய பித்தளைத் தராசுத் தட்டு ஒன்பதுக்கு வந்ததுதான். தட்டு ஒன்றுதான் இருந்தது, ஜோடி இல்லை.